எந்த ஊர்ப் பேச்சு

மணலை வாரிக்கொண்டு வரும் கம்சீன் காற்று காலையிலேயே கிளம்பிவிட்டது. மத்தியானத்துக்குள் கெய்ரோவின் அர்துல்லிவா வட்டாரத்துச் சந்துகளுக்கு மேல் வானம் மஞ்சளாகிப்போனது. எதிர்வீட்டு மாடியில் யாரோ மறந்துவிட்ட போர்வை காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளும் சத்தம்தான் கேட்டது, போர்வை தெரியவில்லை. ஜன்னல் இடுக்குகளில் பழந்துணியைத் திணித்துவிட்டு மஸ்தூரா கிஸ்ரா ஊற்றிக்கொண்டிருந்தாள். புளித்த சோளமாவை அகலமான இரும்புக்கல்லில் ஒரு கரண்டி விட்டு, பனையோலைத் துண்டால் ஒரே இழுப்பில் விளிம்புவரை வழித்துவிட வேண்டும். காகிதம்போல் வெந்ததும் ஓரத்தை நகத்தால் கிள்ளி உரிக்க வேண்டும். அந்த வட்டாரத்துச் சூடான் குடும்பங்களில் பாதிப்பேருக்கு அவள் கிஸ்ராதான் ராச்சாப்பாடு. மாவில் மணல் விழுந்தால் முதல் கவளத்திலேயே பல்லில் தெரியும். மறுநாள் சந்து முழுக்கத் தெரிந்துவிடும்.

கல்தூமா உள்ளே வந்தபோது அவள் புருவமும் இமையும் மண் நிறத்தில் இருந்தன. மஸ்தூராவின் அண்ணன் மனைவி அவள். சூடானின் மேற்கே, டார்ஃபூரில், ஜெனீனா நகரப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள். இங்கே கெய்ரோவில், பாலைவனத்தை ஒட்டிய புதுநகரில், தஞ்சம் கேட்டு வருகிறவர்களை விசாரிக்கிற அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு வேலை. தங்கள் இனத்து மஸாலித் பேச்சையும் டார்ஃபூர் அரபியையும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். சந்தில் இன்னமும் எல்லோருக்கும் அவள் 'டீச்சர்'தான்.

"கண்ணைக் கசக்காதீங்க மதினி. தண்ணி எடுத்து வச்சிருக்கேன், மொதல்ல மூஞ்சியக் கழுவுங்க."

"ஷம்மா எங்க?"

"மேல் வீட்டுல டிவி பாக்குறா உங்க மக. கூப்பிட்டா, 'போ அத்தை, இப்ப வரமாட்டேன்'னு மூக்கால பேசுறா, கெய்ரோ மகாராணி." மஸ்தூரா ஒரு கிஸ்ராவை உரித்துத் தட்டில் போட்டாள். பிறகு கல்லைப் பார்த்தபடியே கேட்டாள். "இன்னிக்கு அங்க தாருஸ்ஸலாம் வந்திருந்தாளா?"

"எந்த தாருஸ்ஸலாம்?"

"ரயில்வே கேட்டுக்கிட்ட புதுசா குடி வந்திருக்காளே."

"அங்க யாரு வந்தா, யாரு போனான்னு வீட்டுல பேச்சு எடுக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன் மஸ்தூரா?"

"நான் கேக்கவே இல்ல. சொல்லத்தான் செய்றேன். முந்தாநேத்து கிஸ்ரா வாங்க வந்தா. இடுப்புல ஒரு புள்ள. நானும் மஸாலித்னுதான் சொன்னா. நம்ம பேச்சுல, 'நல்லா இருக்கியாக்கா'ன்னு கேட்டேன். அரபியில பதில் சொன்னா. சரி, கூச்சமா இருக்கும்னு விட்டேன். அப்புறம் புள்ள அடுப்புக்கிட்ட போச்சா, பதறிப்போய் ஒரு கத்து கத்தினா பாருங்க. நம்ம ஊரை எரிச்சாங்களே, அந்த அரபு ஆளுங்க மாட்டை விரட்டுற கத்து அது. எனக்குக் கரண்டியே கையிலேருந்து விழுந்துடுச்சு."

"பயத்துல யாரு எப்படிக் கத்துவாங்கன்னு…"

"பயத்துல பொய் சொல்ல வராது மதினி."

கல்தூமா முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டாள். துடைத்துக்கொள்வதுபோல் துண்டை முகத்திலேயே வைத்திருந்தாள்.

அன்று காலை அவள் எதிரில் உட்கார்ந்திருந்தது தாருஸ்ஸலாம்தான். அப்பா மஸாலித், அம்மா மஸாலித், ஜெனீனாவுக்குத் தெற்கே கிராமம் என்று அரபியில் சொன்னாள். சொல்லும்போதெல்லாம் அதிகாரியைப் பார்க்காமல் கல்தூமாவையே பார்த்தாள். சில சொற்களை அவள் இழுத்த இழுப்பு கல்தூமாவின் காதிலும் உறுத்தத்தான் செய்தது. பாதியில் குழந்தைக்கு வாந்தி. மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமை கேட்கலாம் என்று அதிகாரி லமியா எழுந்துவிட்டாள்.

லமியா அலெக்சாண்ட்ரியாக்காரி. அரபிக்காரிதான் என்றாலும் டார்ஃபூர் அரபி அவளுக்குப் பாதிதான் புரியும், பதிவும் ஆங்கிலத்தில்தான் ஏற வேண்டும். கத்த மாட்டாள், யாரையும் அழவைத்து வேடிக்கை பார்க்க மாட்டாள். மேசையில் எப்போதும் ஆறிப்போன தேநீர் இருக்கும். தாள்களை அடுக்கிக்கொண்டே, நடைவழியில், மிகச் சாதாரணமாகக் கேட்டாள்: "மேடம், நீங்க அந்த ஊர்க்காரங்க. நமக்குள்ள இருக்கட்டும். இவ பேச்சு அந்த ஊர்ப் பேச்சுதானா?"

"காத்துல காதெல்லாம் அடைச்சிருக்கு" என்று சிரித்து மழுப்பிவிட்டு வந்திருந்தாள் கல்தூமா.

"அப்ப ஞாயித்துக்கிழமை சொல்லுங்க" என்று லமியாவும் சிரித்திருந்தாள்.

*

வியாழக்கிழமை நப்ரா வந்தாள். நூபியப் பெண். அணைக்காக ஊரை விட்டுப் பெயர்க்கப்பட்ட குடும்பம் அவளுடையது, பிறந்து வளர்ந்ததெல்லாம் கெய்ரோ. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். தஞ்ச விசாரணைகளில் பேச்சு மாறி எழுத்தாகிற இடத்தில் நியாயம் எங்கே நழுவுகிறது என்பதுதான் அவள் தேடுவது. அலுவலகத்துக்குள் அவளை விடமாட்டார்கள். அதனால் உள்ளே போய் வந்தவர்களைத் தேடிப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தாள். குளிர்காலம் முழுக்க இந்த வீட்டுக்கு வந்து, ஒலிப்பதிவுக் கருவியைச் சர்க்கரை டப்பாமேல் சாத்திவைத்துவிட்டு, வெங்காயம் உரித்துக்கொண்டே பேசுவாள்.

"இன்னிக்கு ஒரே ஒரு கேள்விதான் டீச்சர். பிடிக்கலன்னா விட்டுடலாம்."

"நீ ஒரு கேள்விம்ப. அது முடியறதுக்குள்ள ஒரு கிலோ வெங்காயம் உரிஞ்சிடும். கேளு, எனக்கும் வேலை ஆகணும்."

"இந்த ஆள் எந்த ஊருன்னு பேச்சை வச்சுச் சொல்லுங்கன்னு அதிகாரிங்க உங்களைக் கேட்டிருக்காங்களா?"

கல்தூமா வாணலியில் காய்ந்த வெண்டைத்தூளைத் தூவிக் கிண்டிக்கொண்டிருந்தாள். கரண்டி நின்றது. குழம்பு அடியில் பிடிக்கும் வாசனை வந்தது.

"அதை அணை."

நப்ரா கருவியை அணைத்துப் பைக்குள்ளேயே போட்டுவிட்டாள்.

"கேட்டா என்ன தப்பு?" என்றாள் கல்தூமா. "நான் அந்த ஊர்க்காரி. எனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா நீங்க அங்க சாட்சி சொல்லப் போகலையே. நடைவழியில நீங்க ஒரு வார்த்தை சொன்னா அது எந்தப் பதிவுலயும் ஏறாது. அதிகாரி மனசுல மட்டும் ஏறும். பதிவுல இல்லாததை எதிர்த்து அந்த ஆள் என்னன்னு மேல்முறையீடு பண்ணுவா? தன்னைப் பத்தி யாரோ என்னமோ சொன்னாங்கன்னே அவளுக்குத் தெரியாது."

'அவளுக்கு' என்று நப்ரா சொன்னது தற்செயலாகத்தான். கல்தூமா நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றாள் நப்ரா. "சொன்னா கோவிப்பீங்க."

"கோவம் வந்தா கரண்டி கையிலதான் இருக்கு. சொல்லு."

"இதுவரைக்கும் என்கிட்ட பேசினவங்கள்ல நிறையப் பேர், மொழிபெயர்க்க யாரு உக்காந்திருக்காங்கன்னு பாத்துட்டுத்தான் எதைச் சொல்றது, எதை விழுங்கறதுன்னு முடிவு பண்ணியிருக்காங்க. உங்களைப் பாத்தும் யாராவது விழுங்கியிருப்பாங்க டீச்சர்."

"என்னைப் பாத்தா? நான் என்ன துப்பாக்கியா வச்சிருக்கேன்? எங்க ஊரை எரிச்சவங்களைப் பாத்துப் பயப்படட்டும். என்னைப் பாத்து எதுக்குப் பயம்?"

நப்ரா, உரித்த வெங்காயத்தையே மறுபடி உரித்தாள். அந்த நேரம் பார்த்து ஷம்மா படியில் தடதடவென்று இறங்கிவந்து, பசிக்கிறது என்று கெய்ரோ தெருப்பிள்ளைகளின் அரபியில் கத்தினாள். அம்மா மஸாலித்தில் அதட்டினாள். மகள் அதற்கும் கெய்ரோ அரபியிலேயே வாயாடிவிட்டு, ஒரு கிஸ்ராவைச் சுருட்டிக்கொண்டு ஓடினாள்.

"நானும் இப்படித்தான்" என்று சிரித்தாள் நப்ரா. "எங்க பாஷையில எனக்குத் திட்ட மட்டும்தான் வரும். எங்கம்மா சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்."

கல்தூமா சிரிக்கவில்லை. மகள் போன திசையையே பார்த்தாள். "இவ பெரியவளாகி ஒரு இடத்துல போய், நான் ஜெனீனாக்காரின்னு சொன்னா யாரு நம்புவா?" என்றாள். பிறகு, "இதெல்லாம் எழுதி என்ன ஆகும் நப்ரா?"

"நாலு பேர் படிச்சுட்டு எனக்கு டாக்டர்னு பட்டம் குடுப்பாங்க."

"அந்த டாக்டர் வந்து ஒரு காய்ச்சலுக்காவது ஊசி போடுவாங்களா?"

"மாட்டாங்க டீச்சர்" என்றாள் நப்ரா. சொல்லும்போது அவள் முகம் சுண்டிப்போயிருந்தது.

*

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கல்தூமாவின் கணவன் அர்பாப் நாலு ஆட்களோடு வந்தான். பளிங்குக்கல் அறுக்கும் பட்டறையில் வேலை அவனுக்கு. எத்தனை குளித்தாலும் காது மடலில் வெள்ளைத்தூள் ஒட்டியிருக்கும். வந்தவர்கள் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சோளக்களியைக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டார்கள். வழக்கமாக அரசியலும் சண்டையுமாக வீடு இரண்டுபடும். அன்று யாரும் வாயைத் திறக்கவில்லை. போகும்போது ஒவ்வொருவரும் கல்தூமாவிடம், "களி நல்லா இருந்துச்சு டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசி ஆள் மட்டும், "ஞாயித்துக்கிழமை போறீங்கல்ல டீச்சர்?" என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டினான்.

கல்தூமா கணவனைப் பார்த்தாள். "அவருக்கு யாரு சொன்னா?"

"சந்துக்கே தெரியும். அந்தப் பொம்பளை விசாரணை பாதியில நிக்குதுன்னும் தெரியும். நீ ஒண்ணும் பெரிசா செய்ய வேண்டாம் கல்தூமா. 'அவ எங்க ஊர்ப் பேச்சு பேசலை'ன்னு ஒரே ஒரு வார்த்தை. நெசத்தைத்தானே சொல்லப்போற."

"அது என் வேலை இல்ல ஷம்மா வாப்பா."

"என் அண்ணன் கிணத்துல கிடந்தானே, அவனை எடுக்கறதும் என் வேலை இல்லதான். நான்தான் எடுத்தேன்." அவன் குரல் உயரவில்லை. "அவங்க நம்ம ஊரை எரிப்பாங்க. அப்புறம் நம்ம பேரைச் சொல்லிக்கிட்டு நம்ம வரிசையில வந்து நிப்பாங்க. வெளிநாட்டுல குடியேத்தச் சொல்லி நாம குடுத்த ஃபைல் எத்தனை காலமா தூங்குது? அவ மேல ஏறிப் போயிடுவா, நாம இந்த மண்ணைத் தின்னுக்கிட்டு இங்கயே கிடப்போம்."

மஸ்தூரா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு நிச்சயம் செய்திருந்த யஹ்யாவை, சாட் நாட்டு எல்லையில் இருக்கும் அத்ரேவுக்குப் போகும் சாலையில், தப்பி ஓடியவர்களின் வரிசையிலிருந்து துப்பாக்கிக்காரர்கள் பிரித்து நிறுத்தினார்கள். அவளைப் போகச் சொல்லிவிட்டார்கள்.

"யஹ்யாவை எப்படிக் கண்டுபிடிச்சாங்க?" என்று கல்தூமா மெதுவாகக் கேட்டாள். "பேசச் சொல்லித்தானே? 'பேசு, எந்த ஆளுன்னு பாப்போம்'னு சொல்லித்தானே? அதே கேள்வியைத்தான் என்னையும் கேக்கறாங்க."

மஸ்தூராவின் கையிலிருந்த அலுமினியத் தட்டு தரையில் உருண்டு சுவரில் மோதிச் சாய்ந்தது. "யஹ்யா பேரை இதுல இழுக்காதீங்க மதினி" என்றாள். "அவளுக்காக அவன் பேரை இழுக்காதீங்க."

*

சனிக்கிழமை பொழுது சாயும் நேரம். காற்று அடங்குவதும் எழுவதுமாக இருந்தது. கதவைத் தட்டியது தாருஸ்ஸலாம். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

"கிஸ்ரா வேணும்" என்றாள். ஆனால் கண் மஸ்தூராவைத் தாண்டிக் கல்தூமாவிடம் போனது.

"நீ இங்க வரக் கூடாது" என்றாள் கல்தூமா. "விசாரணை முடியற வரைக்கும் நான் உன்கிட்ட பேசக் கூடாது. போயிடும்மா."

"கிஸ்ரா வாங்கத்தான் வந்தேன்."

மஸ்தூரா எழுந்து வாசலை மறித்து நின்றாள். "வாங்கிக்கலாம். நம்ம பேச்சுல கேளு. தர்றேன்." அதை மஸாலித்திலேயே சொன்னாள். "உன் அம்மா பேரு என்ன? உங்க ஊர்க் கிணறு எந்தப் பக்கம் இருந்துச்சு? சொல்லு. பேசு."

தாருஸ்ஸலாம் குழந்தையை இறுக்கிப் பிடித்தாள். பிறகு பேசினாள். மஸாலித்தான். ஆனால் மூன்று வயதுக் குழந்தை பேசுவதுபோல், பாதிச் சொற்கள் தேய்ந்து, முன்பின்னாக வந்தன.

"அம்மா பேரு கமர். அம்மா இந்தப் பேச்சை… சோளக் குதிருக்குப் பின்னாடி வச்சு… மெதுவா சொல்லிக்குடுத்தா. வாப்பா வீட்டுல இல்லாதப்ப. வாப்பா இருந்தா அடிப்பாரு."

"உன் வாப்பா யாரு?"

அவள் அரபிக்கு மாறினாள். இப்போது அந்த இழுப்பு மறைக்கப்படாமல் வந்தது. "அவங்க ஆளு. ஊரை எரிச்சப்ப என் மாமன்மார் மூணு பேரையும் வாப்பாவோட தம்பிங்கதான் கொன்னாங்க. என் புருஷன் மஸாலித். அவரையும்தான். என்னைத் திரும்ப இழுத்துட்டுப் போய், இந்தப் புள்ளையை, இது நம்ம ரத்தம் இல்லன்னு…" நிறுத்திக்கொண்டாள். "ஓடி வந்துட்டேன். இப்பவும் என் சித்தப்பா என்னைத் தேடுறாரு."

உள்ளறையிலிருந்து அர்பாப் வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை. "அப்ப அங்க பொய்தான் சொல்லியிருக்க" என்றான். "அப்பாவும் மஸாலித்னு சொல்லியிருக்க."

"ஆமா."

"ஏன்?"

தாருஸ்ஸலாம் அவனைப் பார்க்கவில்லை. கல்தூமாவைப் பார்த்தாள்.

"இவங்க உக்காந்திருந்தாங்க" என்றாள். "மஸாலித் டீச்சர்னு வெளியில பேசிக்கிட்டாங்க. என் வாப்பா யாருன்னு இவங்க காதுல விழுந்தா நான் இந்தச் சந்துல எப்படிக் குடியிருப்பேன்? பயமா இருந்துச்சு. அதான் சொல்லலை."

கல்தூமா அடுப்புப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இருட்டறதுக்குள்ள போயிடு" என்றான் அர்பாப். "நாளைக்கு அப்புறம் இந்தப் பக்கம் உன்னைப் பாக்கக் கூடாது. உன் நல்லதுக்குச் சொல்றேன்."

அவள் போனபிறகு மஸ்தூரா கல்லின் முன்னால் உட்கார்ந்தாள். மாவை ஊற்றினாள், வழிக்கவில்லை. அது அப்படியே தடித்துக் கருகியது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கல்தூமா மாடிப்படியில் நின்று நப்ராவுக்குப் போன் செய்தாள். "நீ சொன்னது சரி" என்றாள். "என்னைப் பாத்தும் விழுங்கியிருக்காங்க."

"என்ன ஆச்சு டீச்சர்? யாரு?"

"நாளைக்கு நான் என்ன செய்யணும்? அதைச் சொல்லு."

"நான் சொல்லக் கூடாது டீச்சர். ஆய்வுக்காகன்னு மட்டும் இல்ல. நான் ஒண்ணு சொல்லி, நீங்க செஞ்சா, அடி உங்களுக்குத்தான் விழும். எனக்கு இல்ல."

"அது எனக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

*

ஞாயிற்றுக்கிழமை காற்று சுத்தமாக நின்றுவிட்டது. அலுவலகத்தின் குறுகிய அறையில் மூன்று நாற்காலிகள். தாருஸ்ஸலாம் குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். லமியா கணினியைத் திறந்தாள்.

"ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள் கல்தூமா. "பதிவுல எழுதிக்குங்க."

லமியாவிடம் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, அதைத் தாருஸ்ஸலாமுக்கும் அரபியில் தானே சொன்னாள், இன்னொருத்தி பேசுவதை மொழிபெயர்ப்பதுபோல. இந்தப் பெண் நேற்று என் வீட்டுக்கு வந்தார். நான் மஸாலித் என்பதால், என் முன்னால் சிலவற்றைச் சொல்லப் பயந்திருக்கிறார். அதனால் நான் இந்த நாற்காலியில் உட்காரக் கூடாது. போன தடவை சொன்னதுக்கும் இனிமேல் சொல்லப்போவதுக்கும் வித்தியாசம் இருந்தால் அதற்குக் காரணம் நான். அப்புறம், இவர் பேச்சு எந்த ஊர்ப் பேச்சு என்று நீங்கள் என்னிடம் நடைவழியில் கேட்டீர்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

லமியாவின் விரல்கள் கடைசி வாக்கியத்தில் நின்றுவிட்டன. "அது சும்மா கேட்டது மேடம்."

"தெரியும். நானும் சும்மா பதில் சொல்லியிருப்பேன்."

லமியா நாற்காலியில் சாய்ந்தாள். முகம் சிவந்திருந்தது. "உங்க வீட்டுல இவங்களை யாராவது மிரட்டினாங்களா? அதைக் கேட்டே ஆகணும்."

கல்தூமா அதைத் தாருஸ்ஸலாமுக்கு மொழிபெயர்த்தாள். தாருஸ்ஸலாம் தலை குனிந்துகொண்டாள். பதில் சொல்ல வேண்டியது யார் என்பது கல்தூமாவுக்குப் புரிந்தது. ஷம்மாவின் முகம் ஞாபகம் வந்தது. தூங்கிக்கொண்டிருக்கிற தங்கள் ஃபைல் ஞாபகம் வந்தது.

"என் வீட்டுக்காரர்" என்றாள்.

அது தட்டச்சாகிற சத்தம் கேட்டது.

அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைக்கச் சொன்னார்கள். இப்போது கிடைக்கக்கூடிய வேறு ஆள் தொலைபேசியில்தான், வேறு ஊரிலிருந்து, என்று லமியா சொன்னாள். கல்தூமா குழந்தையை வாங்கிக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். கதவு ஒருக்களித்திருந்தது. ஒலிபெருக்கியில் ஓர் ஆண்குரல் சலாம் சொல்லி, "பயப்படாம பேசும்மா" என்றது.

அந்த 'பயப்படாம'வில் ஓர் இழுப்பு இருந்தது. சாலையில் வரிசையைப் பிரித்தவர்கள் பேசிய அதே இழுப்பு. தாருஸ்ஸலாமின் வாப்பா ஆட்கள் பேசுகிற பேச்சு.

கல்தூமா எழுந்து கதவைத் தள்ளினாள். "மேடம், இந்த ஆள் வேண்டாம். இவர் பேச்சைக் கேளுங்க, இவர் அவங்க…"

லமியா திரும்பிப் பார்த்தாள். கோபமாக இல்லை, உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டாள். "பேச்சை வச்சு ஆளை முடிவு பண்ணக் கூடாதுன்னு நீங்கதானே இப்ப எழுதச் சொன்னீங்க?"

அந்த மனிதர் யாரோ. நல்லவராக இருக்கலாம். அவரும் எங்கிருந்தாவது ஓடிவந்தவராக இருக்கலாம். தாருஸ்ஸலாம் மேசையின்மேல் இருந்த தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதற்குள்ளிருந்து யாரோ தன்னைப் பார்ப்பதுபோல. யாரோ வந்து கதவைச் சாத்தினார்கள்.

விசாரணை சீக்கிரமே முடிந்துவிட்டது.

"என்ன சொன்ன?" என்று பேருந்து நிறுத்தத்தில் கேட்டாள் கல்தூமா.

"எங்க சித்தப்பா மாதிரியே பேசினாரு" என்றாள் தாருஸ்ஸலாம். "அவருக்குத் தெரிஞ்சவங்களா இருந்தா? நான் இருக்கிற இடத்தைச் சொல்லிட்டா? அவர் கேட்டதுக்கெல்லாம் ஆமான்னு சொன்னேன்."

"எல்லாத்துக்குமா?"

"அப்பா அம்மா ரெண்டு பேரும் மஸாலித்தான்னு கேட்டாரு. ஆமான்னேன். அப்ப ஏன் மஸாலித் பேசத் தெரியலன்னு கேட்டாரு. அதுக்கும் ஆமான்னேன்."

விண்ணப்பம் தள்ளுபடி என்ற செய்தி கோடையில்தான் வந்தது. ஆனால் அந்த நிறுத்தத்திலேயே இருவருக்கும் அது தெரிந்துவிட்டது.

வண்டி வருவதற்குள் நப்ராவின் அழைப்பு வந்தது. "நாளைக்கு வா. கருவியைக் கொண்டா" என்றாள் கல்தூமா. "எல்லாத்தையும் சொல்றேன். என் பேரைப் போட்டு எழுது."

"பேரை மாத்தறேன்னு உங்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன் டீச்சர். பேர் வந்தா உங்க ஃபைல்…"

"அது இன்னிக்கே போயிடுச்சு. பேர் இல்லாம வந்தா யாரோ எங்கயோ சொன்னதுன்னு விட்டுடுவாங்க. வா."

*

சந்து முனையில் இறங்கியபோது டுக்டுக் ஆட்டோ நிறுத்தத்துப் பையன்கள் பேச்சை நிறுத்தினார்கள். எப்போதும், "டீச்சர், மீன் இருக்கு" என்று கூப்பிடுகிற கடைக்காரி தராசைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தாள். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், தாருஸ்ஸலாம் குடியிருந்த கட்டடத்தின் வாசலில், ஒரு பஞ்சு மெத்தை, ஒரு பானை, துணி மூட்டை, குழந்தையின் ஒற்றைச் செருப்பு. பானைக்குள் மணல் படிந்திருந்தது. சுற்றிலும் ஒருவரும் இல்லை. மாடி ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன.

தாருஸ்ஸலாம் அழவில்லை. குழந்தையின் இன்னொரு செருப்பைத் தேடினாள்.

கல்தூமா மெத்தையைச் சுருட்டி ஒரு முனையைத் தூக்கினாள். இருவரும் நடந்தார்கள். தேநீர்க் கடை நாற்காலியில் அர்பாப் உட்கார்ந்திருந்தான். வெள்ளிக்கிழமை சாப்பிட வந்த ஆட்கள் அவனோடு இருந்தார்கள். அவன் எழுந்து வந்து மெத்தையின் குறுக்கே நின்றான்.

"எங்க கொண்டு போற?"

"வீட்டுக்கு."

"அங்க என் பேரைச் சொன்னியா?"

அவனுக்கு எப்படியும் தெரிந்துவிடும். "சொன்னேன்" என்றாள்.

அர்பாப் அவளை அடிக்கவில்லை. அவளைப் பார்த்தபடியே நின்றான். காது மடலில் பளிங்குத்தூள் வெள்ளையாகத் தெரிந்தது. "எந்த வீட்டுக்கு?" என்று கேட்டுவிட்டு, திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். நாற்காலிகளில் இருந்தவர்கள் அசையவில்லை. அவர்கள் யாரும் கல்தூமாவைப் பார்க்கவில்லை. தாருஸ்ஸலாமை மட்டும்தான் பார்த்தார்கள்.

வீட்டு வாசலில் மஸ்தூரா நின்றுகொண்டிருந்தாள். கையெல்லாம் மாவு. மெத்தையைப் பார்த்தாள், மதினியைப் பார்த்தாள், பின்னால் தெருமுனையில் எழுந்து நிற்க ஆரம்பித்த ஆண்களைப் பார்த்தாள். தாருஸ்ஸலாமின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"புள்ளையைக் குடு" என்றாள். மஸாலித்தில்தான் சொன்னாள்.

தாருஸ்ஸலாமுக்குப் புரிந்தது. தயங்கித் தயங்கிக் குழந்தையை நீட்டினாள். மஸ்தூரா அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். கதவு அவள் பின்னால் சாத்திக்கொண்டது.

இரண்டு பெண்களும் மெத்தையைக் கீழே வைக்காமல் ஆளுக்கொரு முனையாகப் பிடித்தபடி தெருவில் நின்றார்கள். பின்னால் செருப்புச் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. கல்தூமா திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே தாழ் விழும் சத்தம் வருகிறதா என்று கதவுப் பக்கமே காதை வைத்திருந்தாள்.